பாக்கெட்டின் அடியில் இருக்கிறது

முப்பத்தோரு வருஷமாகத் தென்காசியில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். நாற்பத்திரண்டாவது வயதில் கண்ணாடி போட்டேன். "பேப்பர் படிக்கச் சிரமமா இருக்கா?" என்று கண் டாக்டர் கேட்டார். பேப்பர் நன்றாகத்தான் தெரிந்தது. பிஸ்கட் பாக்கெட்டின் மடிப்பில் புள்ளி புள்ளியாக அடித்திருக்கிற தேதிதான் தெரியவில்லை. மூன்று எட்டாகத் தெரிந்தது. 2023-இல் முடிகிற சரக்கு 2028 வரைக்கும் ஓடும் என்று என் கண் சொன்னால், என் தொழிலில் அதைவிட ஆபத்து வேறு இல்லை. டாக்டரிடம் அதைச் சொன்னேன். சிரித்துவிட்டு, ஒரு பாக்கெட் கொண்டுவாருங்கள், அதை வைத்தே சோதிக்கலாம் என்றார்.

அப்பா காலத்துக் கடையில் தேதி என்ற ஒன்றே கிடையாது. எல்லாம் சாக்கிலும் டின்னிலும் வரும். பருப்பு மூட்டையைப் பிரித்ததும் அப்பா கையை முழங்கை வரைக்கும் உள்ளே விடுவார். நடுவில் சூடு தட்டினால் வண்டு வேலையை ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். கடலை எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து பார்ப்பார். சிக்கு வாடை அடித்தால் டின்னைத் திருப்பி அனுப்பிவிடுவார். "ஏலே, கண்ணு ஏமாத்தும், மூக்கு ஏமாத்தாது" என்பது அவர் எனக்குச் சொன்ன முதல் பாடம். 'பழசு' என்பதும் அன்றைக்கு வசைச் சொல் இல்லை. ஒரு வருஷம் கிடந்த அரிசி உதிரியாக வடியும், புது அரிசி குழைந்துபோகும். அதனால் பழைய அரிசிக்கு விலை கூட. புளியும் அப்படித்தான். கறுத்த பழம்புளியைக் கேட்டு வாங்கிப் போகிற ஆச்சிமார் இன்றைக்கும் வருகிறார்கள்.

பாக்கெட் வந்ததும் மூக்குக்கு வேலை போய்விட்டது. ஒட்டி மூடிய உறைக்குள் இருப்பதை முகர முடியாது, கடித்துப் பார்க்க முடியாது. உறையைப் பிரிக்காமல் உள்ளே இருப்பதைப் பற்றித் தெரிந்துகொள்ள நமக்கு மிச்சம் இருப்பது அந்த ஒரு வரி எழுத்துதான். அதைப் படிக்கக் கற்றுக்கொள்வது தராசு பிடிக்கக் கற்றுக்கொள்வது மாதிரி ஒரு தொழில்.

முதலில், அது எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். பிஸ்கட்டில் பின்பக்க ஒட்டு மடிப்பில் இருக்கும். எண்ணெய்ப் பாக்கெட்டில் மேல் ஓரத்தில். தயிர்க் கப்பில் மூடித் தாளில். டின்னில் அடித்தட்டில். தண்ணீர் பாட்டிலில் கழுத்துக்குப் பக்கத்தில் நிறமில்லாமல் இருக்கும், வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். மசாலாப் பெட்டியில் மேல் மடக்கில் இருக்கும். சில கம்பெனிகள் கறுப்பு உறையில் கறுப்பு மையால் அடிக்கிறார்கள். யாரும் படிக்கக் கூடாது என்றே அடிக்கிறார்களோ என்று எனக்குச் சில நேரம் தோன்றும்.

அடுத்து, எது தேதி, எது தேதி இல்லை என்று பிரிக்க வேண்டும். ஒரே இடத்தில் நாலு வரி இருக்கும். பேட்ச் எண், பேக் செய்த தேதி, முடியும் தேதி, விலை. இதற்கு நடுவில் பேக் செய்த நேரத்தையும் மெஷின் அடித்துவிடும். ஒரு தடவை காலேஜ் படிக்கிற பையன் ஒருவன் 11:26 என்று இருந்ததைக் காட்டி, "அண்ணாச்சி, 2026 நவம்பர் வரைக்கும் இருக்கு" என்றான். அது காலை பதினொன்று இருபத்தாறு மணி. நடுவில் சாய்கோடு இருந்தால் தேதி, இரண்டு புள்ளி இருந்தால் மணி என்று அவனுக்குச் சொன்னேன். வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர்கள் கொண்டுவரும் சாக்லேட்டில் வேறொரு சிக்கல். அமெரிக்கச் சரக்கில் மாதம் முன்னால் வரும், நாள் பின்னால் வரும். 05/04 என்று இருந்தால் நமக்கு ஏப்ரல் 5, அவர்களுக்கு மே 4.

மூன்றாவது, கணக்கு. "தயாரித்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் பயன்படுத்துவது நல்லது" என்று எழுதிவிட்டுத் தயாரித்த தேதியை மட்டும் வேறொரு மூலையில் அடித்திருப்பார்கள். எத்தனை பேர் கடையில் நின்று விரல் விட்டு எண்ணுவார்கள்? நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். சுவர்க் கடிகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று ஜனவரி, பன்னிரண்டு டிசம்பர். ஆறு மாதம் என்றால் நேர் எதிரே இருக்கிற எண். மார்ச்சுக்கு எதிரே செப்டம்பர். ஒன்பது மாதம் என்றால் மூன்று எண் பின்னால் போய் அடுத்த வருஷம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். அக்டோபரில் போட்ட சரக்கு அடுத்த ஜூலை வரை. என் கடைப் பையன்களுக்கு முதல் வாரம் இந்தப் பாடம்தான். நாள் கணக்கில் எழுதியிருந்தால் கொஞ்சம் கவனம் வேண்டும். 180 நாளை ஆறு மாதம் என்று தோராயமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆகஸ்ட் 1-ஆம் தேதி போட்டதற்கு 180 நாள் ஜனவரி 28-லேயே முடிந்துவிடும்.

2020-இல் வந்த லேபிள் விதிகள் இந்தக் கணக்குத் தலைவலியைப் பெருமளவு குறைத்துவிட்டன. தயாரித்த அல்லது பேக் செய்த தேதியோடு, முடியும் தேதியையும் நேராகப் போட்டே ஆக வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் கட்டாயமாக்கியது. "இதற்குள் பயன்படுத்தினால் நல்லது" என்பது அதற்கு மேல் கம்பெனி விரும்பினால் போட்டுக்கொள்ளலாம். இந்த இரண்டும் ஒன்று என்று நினைக்கிறவர்கள் அதிகம். "இதற்குள் நல்லது" என்பது ருசி, மணம், மொறுமொறுப்பு பற்றிய பேச்சு. அந்த நாள் தாண்டினால் பிஸ்கட் கொஞ்சம் நமத்திருக்கும், காபித்தூள் மணம் இறங்கியிருக்கும், ஆனால் சாப்பிட்டவர் ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டார். முடியும் தேதி அப்படி இல்லை. அது தாண்டினால் விற்கவும் கூடாது, தின்னவும் கூடாது. சர்க்கரை, வினிகர் மாதிரிச் சிலவற்றுக்கு முடியும் தேதி போட வேண்டிய கட்டாயமே இல்லை. சர்க்கரைப் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தேதியே இல்லையே, டூப்ளிகேட்டா?" என்று சண்டைக்கு வந்தவர்களும் உண்டு.

இவ்வளவும் தெரிந்த நான்தான் ஒரு நாள் தோற்றேன்.

ஒரு ஆடி மாதம். கடையில் நல்ல கூட்டம். வாடிக்கையாக வரும் ஒரு பெண், அப்போதுதான் குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்து மாவு கொடுக்க ஆரம்பித்திருந்தாள். குழந்தைக்கான சத்துமாவு டப்பா கேட்டாள். நானே எடுத்துக் கொடுத்தேன். மறுநாள் காலையில் கடை திறந்ததும் வந்து நின்றாள். சத்தம் போடவில்லை. டப்பாவைக் கல்லா மேசையில் தலைகீழாக வைத்தாள். "அண்ணாச்சி, இத நீங்களே வாசிச்சிருங்க" என்றாள். வாசித்தேன். முடிந்து இருபது நாள் ஆகியிருந்தது. நல்ல வேளை, டப்பாவைப் பிரித்திருக்கவில்லை. மாமியார் மூடியைத் திறக்கப் போகும்போது இவள் அடியைப் பார்த்திருக்கிறாள். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், மன்னிப்புக் கேட்டேன். "உங்க கடைன்னா பாக்காம வாங்குவேன் அண்ணாச்சி. இனிமே பாத்துத்தான் வாங்கணும் போல" என்று சொல்லிவிட்டுப் போனாள். அடி வாங்கியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அன்று இரவு கடையைச் சாத்திவிட்டு விளக்கைப் போட்டு ஒவ்வொரு தட்டாக இறக்கினேன். அந்த டப்பா எப்படி அங்கே தங்கியது என்று தெரிந்துகொள்ள வேண்டும். காரணம் எளிது. புதுச் சரக்கு இறங்கும்போது பையன்கள் பழையதைப் பின்னால் தள்ளிவிட்டுப் புதியதை முன்னால் அடுக்கியிருந்தார்கள். கை முன்னால்தானே போகும்? பின்னால் போனது பின்னாலேயே கிடந்து கிழடாகி, முன்வரிசை தீர்ந்த ஒரு நாள் என் கைக்கு வந்துவிட்டது. அந்த ராத்திரி மட்டும் பதினேழு பாக்கெட் கிடைத்தது.

மறுநாளிலிருந்து கடையில் மூன்று வழக்கம். பழசு முன்னால், புதுசு பின்னால். அதிலும் வந்த தேதியைப் பார்க்கக் கூடாது, முடியும் தேதியைப் பார்க்க வேண்டும். சில நேரம் ஏஜென்சியிலிருந்து இன்றைக்கு வந்த பெட்டி, போன வாரம் வந்த பெட்டிக்கு முன்னாலேயே முடியும். இரண்டாவது, நோட்டு. மாதம் ஒன்றாம் தேதியும் பதினைந்தாம் தேதியும் மத்தியானம் கூட்டம் இல்லாத நேரத்தில் எல்லாத் தட்டையும் பார்த்து, இரண்டு மாதத்துக்குள் முடியப் போவதை எழுதுவது. மூன்றாவது, ரப்பர் பேண்ட். முப்பது நாளுக்குள் முடிவதற்கு ஒரு ரப்பர் பேண்ட் சுற்றிக் கல்லாப் பக்கத்துக் கூடைக்குக் கொண்டுவந்துவிடுவோம். "இது தேதி கிட்ட இருக்கு, உடனே செலவாகும்னா விலை குறைச்சுத் தாரேன்" என்று வாய்விட்டுச் சொல்லித்தான் விற்போம். சொல்லாமல் விற்றால் அது ஏமாற்று. நாமே பொட்டலம் போடுகிற சீரகம், சோம்பு, பருப்புக்குத் தேதி யாரும் அடித்துத் தர மாட்டார்கள். மூட்டை பிரித்த நாளை மார்க்கர் பேனாவால் பையிலேயே எழுதிவிடுவோம். ஸ்வீட் கடையில் தட்டில் உதிரியாக வைத்து விற்கும் இனிப்புக்கும் எதற்குள் சாப்பிட வேண்டும் என்று எழுதி வைக்கும்படி 2020 அக்டோபர் 1 முதல் ஆணையம் சொன்னபோது பலர் முணுமுணுத்தார்கள். எனக்கு அது சரியென்றே பட்டது.

ஏஜென்சிக்காரரோடு தகராறு வராமல் இருக்காது. "ஸ்கீம் இருக்கு அண்ணாச்சி, பத்து பெட்டிக்கு ஒண்ணு ஃப்ரீ" என்று லைன் ஆள் வந்து நின்றால், முதலில் பெட்டியைப் பிரித்துத் தேதியைப் பார்ப்பேன். ஸ்கீம் பெரிதாக இருந்தால் ஆயுள் சிறிதாக இருக்கும் என்பது என் அனுபவம். ஒரு தடவை நாற்பது நாள் மட்டும் மிச்சம் இருந்த நூடுல்ஸ் பெட்டிகளை இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். திருப்பி எடுக்கச் சொன்னதற்கு மூன்று வாரம் போனையே எடுக்கவில்லை. அன்றிலிருந்து சரக்கு இறங்கும்போதே பில்லின் பின்பக்கத்தில் முடியும் தேதியை எழுதி லைன் ஆளிடம் கையெழுத்து வாங்கிவிடுகிறேன். 2006-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு இதில் தெளிவாக இருக்கிறது. காலாவதியானதை அனுப்பினால் விநியோகஸ்தர் பொறுப்பு, விற்றால் விற்றவர் பொறுப்பு. "கம்பெனிக்காரன் அனுப்பினான், நான் என்ன செய்ய?" என்று நான் சொல்ல முடியாது. அந்தப் பெண் டப்பாவைக் கவிழ்த்து வைத்தபோது சட்டமும் அவள் பக்கம்தான் நின்றது.

தேதியை மட்டும் நம்பிவிடவும் கூடாது. அந்த எழுத்துக்குக் கீழே இன்னொரு வரி சின்னதாக இருக்கும். "குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும்." அல்லது "5 டிகிரிக்குக் கீழ் வைக்கவும்." அந்த நிபந்தனையைக் காப்பாற்றினால்தான் அந்தத் தேதிக்கு மதிப்பு. எங்கள் ஊரில் ஜூனிலிருந்து குற்றாலச் சாரல் வந்துவிடும். வெளியூர்க்காரர்கள் அருவியில் குளிக்க வருவார்கள். எங்களுக்கு அது உப்பு கசிகிற, அப்பளம் துவள்கிற மாதம். ஆறு மாத ஆயுள் போட்டிருக்கிற ரவை, சாரலில் இரண்டே மாதத்தில் கூடு கட்டிவிடும். நூல் நூலாக ஒட்டிக்கொண்டு உருண்டையாக வந்தால் உள்ளே புழு இருக்கிறது. அப்பா சொன்ன மூக்குப் பாடம் இங்கே திரும்ப வேலைக்கு வருகிறது. வேர்க்கடலையில் பூஞ்சை தெரிந்தால் தேதி எவ்வளவு பாக்கி இருந்தாலும் தூரப் போட வேண்டியதுதான். அதில் வருகிற அஃப்லாடாக்சின் என்ற நஞ்சு வறுத்தாலும் முழுசாகப் போகாது.

ஃபிரிட்ஜ் சரக்கில் இன்னும் கவனம் வேண்டும். ராத்திரி கரண்ட் பில்லை மிச்சம் பிடிக்க ஃபிரிட்ஜை அணைத்துவிட்டுப் போகிற கடைகளும் இருக்கின்றன. காலையில் மறுபடி குளிர்ந்துவிடும், தேதியும் அப்படியே இருக்கும், ஆனால் உள்ளே இருக்கிற தயிரும் பனீரும் ராத்திரியெல்லாம் வெதுவெதுப்பில் கிடந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. தயிர்க் கப்பின் மூடி மேலே உப்பியிருந்தால் தொடாதீர்கள். பால் பாக்கெட் பந்து மாதிரி வீங்கியிருந்தாலும் அப்படியே. ஐஸ்கிரீம் ஒரு பக்கம் சாய்ந்து உறைந்திருந்தால், அல்லது மேலே பனிக்கட்டி முள்ளு முள்ளாகப் பூத்திருந்தால், ஒரு தடவை உருகி மறுபடி உறைந்தது என்று அர்த்தம். டின்னில் அடைத்த உணவு உப்பியிருந்தால் தேதியைப் பார்க்கவே வேண்டாம், அப்படியே வைத்துவிடுங்கள். தேதி இருக்கிற இடத்தில் மை பரவி அழிந்த தடம், ஒரு எழுத்தின் மேல் இன்னொரு எழுத்து, மேலே ஒட்டிய ஸ்டிக்கர் இவற்றைப் பார்த்தாலும் வாங்க வேண்டாம். ஸ்டிக்கரை நகத்தால் கீறிப் பார்ப்பதில் தப்பே இல்லை. கடைக்காரர் முறைத்தால் முறைத்துக்கொள்ளட்டும்.

இனி, வாங்குகிறவர்களிடம் எனக்கு இருக்கிற ஒரு மனத்தாங்கல். தேதி பார்க்கப் பழகியவர்கள் எல்லோரும் கையை நேராகப் பின்வரிசைக்கு விடுகிறார்கள். நாங்கள் பழசை முன்னால் வைக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. மாதச் சிட்டை போட்டு வாங்குகிறவர் பின்னால் எடுப்பது நியாயம். அந்தப் பாக்கெட் அவர் வீட்டில் ஒரு மாதம் இருக்க வேண்டும். ஆனால் இன்றைக்கு ராத்திரி தோசைக்கு ஊற்றிக்கொள்ளப் போகிற தயிருக்கு எதற்குப் பத்து நாள் ஆயுள்? சாயங்காலம் பிள்ளைகள் தின்று தீர்க்கப் போகிற ரொட்டிக்கு எதற்கு நாளைய தேதி? எல்லோரும் புதியதையே உருவினால் முன்வரிசை அப்படியே கிடந்து, முடியும் நாள் வந்து, குப்பைக்குப் போகும். அதில் ஒரு விவசாயியின் பாலும் கோதுமையும் சேர்ந்து போகிறது. இன்றைக்கே செலவாவதற்கு முன்னால் இருப்பதை எடுங்கள், வைத்திருந்து செலவாவதற்குப் பின்னால் இருப்பதை எடுங்கள். தேதியோடு நம் சமையலறைக் கணக்கையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்தவரைத்தான் நான் நல்ல வாங்குகிறவர் என்பேன்.

வீட்டுக்கு வரவழைக்கிறவர்கள் பின்வரிசைக்குக் கை விட முடியாது. அவர்களுக்கு ஒரு பிடி இருக்கிறது. 2024 நவம்பரில் ஆணையம் ஆன்லைன் விற்பனைக்காரர்களைக் கூட்டி, சரக்கு வீட்டில் ஒப்படைக்கிறபோது மொத்த ஆயுளில் 30 சதவீதம் அல்லது முடிய 45 நாள் மிச்சம் இருக்க வேண்டும் என்று சொன்னது. அதனால் பையை வாங்கியதும் கதவருகிலேயே தேதியைப் பாருங்கள். உள்ளே கொண்டுபோய் அடுக்கிவிட்டால் அப்புறம் பார்க்க மாட்டீர்கள். கடையில் வாங்கிய சரக்கில் குறை இருந்து, கடைக்காரர் கேட்க மறுத்தால், தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்குப் பில்லையும் பாக்கெட்டையும் படம் எடுத்து அனுப்பலாம். அதற்காகவாவது பில் வாங்குங்கள்.

கடையில் இவ்வளவு பார்க்கிறவர்களும் வீட்டில் கோட்டை விடுகிற இடம் ஒன்று இருக்கிறது. பாக்கெட்டைப் பிரித்து டப்பாவில் கொட்டுகிற நேரம். சரக்கு டப்பாவுக்குப் போகிறது, தேதி குப்பைக்குப் போகிறது. என் மனைவியே அப்படித்தான் செய்துகொண்டிருந்தாள். போதாததற்கு, அடியில் மிச்சம் இருந்த பழைய மைதாவின் மேலேயே புதியதைக் கொட்டுவாள். அடியில் இருந்த வண்டு நாலு நாளில் மேலே வந்துவிடும், பழி என் கடைக்கு வரும். இப்போது பாக்கெட்டைக் கத்தரிக்கும்போது தேதி இருக்கிற துண்டை மட்டும் வெட்டி டப்பாவின் வெளியே ரப்பர் பேண்ட்டில் சொருகி வைக்கிறோம். அடியில் இருக்கிறதைத் தட்டில் கொட்டி, டப்பாவைத் துடைத்து வெயிலில் காட்டி, புதியதை அடியிலும் பழையதை மேலேயும் போடுகிறோம். ரவையை லேசாக வறுத்து ஆறவைத்துப் போட்டால் சாரல் மாதத்திலும் தாங்கும்.

அந்தச் சத்துமாவுப் பெண்ணின் மகன் இப்போது பத்தாம் வகுப்புப் படிக்கிறான். அம்மா அனுப்பிக் கடைக்கு வருவான். எது கொடுத்தாலும் முதலில் கவிழ்த்து அடியைப் பார்ப்பான், அப்புறம்தான் பையில் போடுவான். எனக்கு அதில் வருத்தம் இல்லை. அவன் கவிழ்ப்பதற்கு முன்னால் நான் ஒரு தடவை கவிழ்த்துப் பார்த்துவிடுகிறேன், அவ்வளவுதான்.

உங்களிடம் கேட்பதற்கு ஒன்றுதான் இருக்கிறது. எந்தக் கடையிலாவது தேதி முடிந்த பாக்கெட் உங்கள் கைக்கு வந்தால், அதை வைத்துவிட்டு வேறொன்றை எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். கையோடு கொண்டுவந்து கல்லாவில் இருக்கிறவரிடம் கொடுங்கள். உங்களுக்குப் பின்னால் வருகிற ஆச்சி கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கலாம்.